ஒரே அப்பா, இரண்டு இனிஷியல்

3 நவம்பர் 2025, திங்கள்

தலைமையாசிரியர் பதவியை மறுபடியும் தாளாளரின் மருமகனுக்கே கொடுத்துவிட்டார்கள். எம்.ஏ., எம்.ஃபில். படித்த நான் ஒன்பதாம் வகுப்புக்கு இலக்கணம் நடத்துகிறேன். வாழ்த்துச் சொல்ல எல்லோரும் வரிசையில் நின்றார்கள். நான் நிற்கவில்லை.

4 நவம்பர், செவ்வாய்

மதிய இடைவேளையில் ஓர் அழைப்பு. அடையாளச் சரிபார்ப்பு மையமாம். தெளிவான தமிழ், பணிவான குரல்.

"ராஜதுரை சாரா? உங்க ஆதார்ல இனிஷியல் சம்பந்தமா ஒரு ஆட்சேபம் வந்திருக்கு."

இனிஷியல்! அப்பா பெயர் இசக்கித்துரை; ஊர் வாயில் எசக்கித்துரை. பள்ளியில் சேர்த்தபோது ஆங்கிலத்தில் எனக்கு ‘ஈ’ போட்டார்கள், தம்பி செல்வக்குமாருக்கு ‘ஐ’. அப்பாவைக் கடைசிவரை பார்த்தது நான். வீட்டுப் பட்டா என் பெயரில் இருப்பதில் என்ன தவறு? அதற்காக இந்த ‘ஐ’க்காரன் தாலுகா அலுவலகத்தில் மனு மேல் மனுவாகப் போடுகிறான்.

"செல்வக்குமார் கொடுத்தானா?" என்றேன்.

தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. "ஆமா சார், செல்வக்குமார்தான். உங்களுக்கு என்ன உறவு?"

சொன்னேன். பட்டா, சண்டை, எல்லாவற்றையும். பொறுமையாகக் கேட்டான். என் பேச்சை இவ்வளவு பொறுமையாக யார் கேட்டிருக்கிறார்கள்?

ஆதாரின் இரண்டு பக்கம், பான் அட்டை, வெள்ளைத்தாளில் கையெழுத்து — அனுப்பினேன். வீடியோவில் கண்ணைச் சிமிட்டச் சொன்னான். போனில் வந்த ஓடிபியையும் வாசித்துக் காட்டினேன்.

"படிச்சவங்க சார் நீங்க. டக்குனு புரிஞ்சுக்கிட்டீங்க."

தம்பியின் ஆட்சேபம் தள்ளுபடியாகிவிடுமாம்.

5 நவம்பர்

நன்றாகத் தூங்கினேன்.

7 நவம்பர், வெள்ளி

காலையிலிருந்து சிக்னல் இல்லை. போன் கம்பெனி கவுண்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் திரையைப் பார்த்துச் சொன்னாள்: "சார், ஒங்க நம்பர் வேற சிம்முக்கு மாறிட்டு. நீங்கதான கேட்டிருக்கிய? இந்தா, ஒங்க வீடியோவே இருக்கு."

என் முகம்தான். கண்ணைச் சிமிட்டியது.

நம்பரைத் திருப்பித் தர மேலே எழுதிப் போட வேண்டுமாம். அடுத்த வாரம் வரச் சொன்னாள்.

வீட்டில் சண்முகசுந்தரியிடம் சொல்ல வேண்டியதாயிற்று. கேட்டு முடித்ததும் மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "கொழுந்தன் பேர மொதல்ல அவன் சொன்னானா, நீங்க சொன்னியளா?"

தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

அவள் போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் வங்கிக்கும் பேசினேன். கணக்கை நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் என் எண்ணும் முகமும் கையெழுத்தும் எவனிடமோ இருக்கின்றன. யாரோடு எனக்குப் பேச்சில்லை என்பது வரை அவனுக்குத் தெரியும். இந்நேரம் எங்கே உட்கார்ந்து நானாக இருக்கிறான்?

9 நவம்பர், ஞாயிறு

செல்வக்குமார் வந்தான். அப்பா காரியத்துக்குப் பிறகு இந்த வாசலை மிதிக்காதவன். கையில் பழப்பை, முகமெல்லாம் சிரிப்பு.

"அண்ணே, ஒன் மெசேஜப் பாத்ததும் எனக்கு அழுகையே வந்துட்டு. வீட்டுல கோகிலாகிட்டயும் காட்டுனேன்."

போனை நீட்டினான். ‘அண்ணன்’ என்ற பெயரில், என் எண்ணிலிருந்து: "தம்பி, கோவத்துல இருந்தது போதும். பட்டாவுல உன் பேரையும் சேர்த்துடறேன். உன் ஆதாரை அனுப்பு."

இப்படியொரு வரியை நான் எழுதவே மாட்டேன். இவனுக்கு அதுகூடத் தெரியவில்லையா?

"ஏலே, இது நான் இல்ல. எவனோ திருடன். ஒண்ணும் அனுப்பாத."

"ஆதார அனுப்பிட்டேனே. ராத்திரி ஒரு நம்பர் வரும், அதச் சொல்லுன்னு போட்டிருக்க."

"சொல்லாதலே!"

அவன் சிரிப்பு நின்றது. "திருடனுக்கு நம்ம வீட்டுப் பட்டா எப்படித் தெரியும்?"

சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். சுந்தரி என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஆனால் இவன் முன்னாலா? இவனிடமா நான் ஏமாந்தவன் என்று நிற்பது?

"ஒனக்குச் சொன்னா புரியாது," என்றேன்.

"நல்லாப் புரியுது. தாரேன்னு எழுதிட்டு இப்ப மனசு மாறிட்டு. திருடன், மண்ணாங்கட்டின்னு கத விடுத. மெசேஜுல இருந்த மனுசன் நேர்ல இல்லியே அண்ணே."

பழப்பையைத் தரையில் வைத்தான். கையிலிருந்த போன் மறுபடி மினுங்கியது. அதை வாசித்தபடியே படியிறங்கினான்.

சுந்தரி அவனுக்குப் போன் போட்டாள். அவன் எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. நேரில் போய்ச் சொல்லுங்கள் என்றாள். காலையில் பார்க்கலாம் என்றேன்.

10 நவம்பர், திங்கள்

விடிந்ததும் தம்பி மனைவி கோகிலா வந்தாள். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. வாசலில் நின்றே கேட்டாள்:

"ராத்திரியிலேருந்து அவிய போன்ல டவரே இல்ல அத்தான். நீங்க கேட்ட நம்பர அதுக்கு முன்னாலயே அனுப்பிட்டாவளாம். ஒங்களுக்கு வந்துச்சான்னு கேட்டுட்டு வரச் சொன்னாவ."