நிலாவில் ஒரு குழி

ஜனவரி, ஞாயிறு இரவு

டாக்குரியா ஏரிப் பக்கம் இன்று சாயங்காலம் குழந்தைகளுக்கு டெலஸ்கோப்பில் நிலா காட்டினார்கள். யாழினியை அழைத்துப் போனேன். திருச்சியிலிருந்து இங்கே வங்காளத்துக்கு வந்ததிலிருந்து அவள் பள்ளியில் வாயே திறப்பதில்லை. மிஸ் என்னைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்.

வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற வங்காளிச் சிறுமி பார்த்துவிட்டு இறங்கினாள். யாழினி ஸ்டூலில் ஏறினாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு, "அம்மா, நிலா பூரா குழி" என்றாள்.

அந்தச் சிறுமி என்னைச் சித்தி முறையில் கூப்பிட்டு, "காக்கிமா, குழி மானே கீ?" என்று அர்த்தம் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் யாழினி இறங்கி வந்து, மண்ணை விரலால் தோண்டிக் காட்டினாள்.

"ஓ, கொர்தோ" என்றாள் சிறுமி.

"கொர்தோ" என்றாள் யாழினி.

"குலி" என்றாள் சிறுமி.

யாழினி விடவில்லை. வாயைத் திறந்து, நாக்கை மடித்துக் காட்டினாள். அவளும் மடித்துப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. என்னைக் கேட்காமலே கைகோத்துக்கொண்டு மறுபடி வரிசையில் போய் நின்றார்கள்.

ஊருக்கே திரும்பிவிடலாம் என்று இன்றிரவு இவரிடம் பேச நினைத்திருந்தேன். நாளை பள்ளியில் என்ன செய்வாளோ, தெரியாது. ஆனாலும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.