உயிருள்ளதற்கு வெந்நீர்

அண்ணாவுக்கு,

ஆட்டெருவை மக்க வைக்க லான்சோ நகரத்திலிருந்து நீ அனுப்பிய நுண்ணுயிர்த் தூளை, அப்பா கொதிக்கிற நீரில் கரைத்து ஊற்றிவிட்டார். அத்தனையும் செத்திருக்கும். சத்தம் போட்டேன்.

“உயிருள்ளதுன்னு நீதானே சொன்னே? இந்தக் குளிர்ல அவ்வளவு தூரம் வந்ததுக்குப் பச்சைத்தண்ணியா குடுப்பாங்க?” என்றார்.

மிச்சப் பொட்டலத்தை வெதுவெதுப்பான நீரில் நானே கரைத்தேன். எருக்குவியல் இப்போது சூடேறிவிட்டது. விடிந்ததும் போய்த் தொட்டுப் பார்க்கிறார். இந்த வருஷமும் முலாம்பழம் காய்க்காவிட்டால் இந்த மணல் நிலத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

உங்கள் இருவருக்கும் நடந்த அந்தச் சண்டைக்குப் பிறகு உன் பேச்சை அவர் எடுப்பதே இல்லை. ஆனால் சாப்பிட உட்காரும்போது உன் குவளையிலும் வெந்நீர் ஊற்றுகிறார். ஆறிவிட்டால் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றுகிறார். 

உன் தங்கை