முப்பத்தோராவது தலை

அடியே,

உள்ளங்கையில் தேங்காய் எண்ணெய் வாசம் போவேனா என்கிறது. மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். உன் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேரின் தலை எண்ணெய். ராயபுரம் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து கையை முகர்ந்துகொண்டே இதை எழுதுகிறேன். பக்கத்திலிருக்கும் யாரோ ஒரு அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்.

நீ போய் இருபது நாள். நேற்று தலைமையாசிரியை கூப்பிட்டு, "பிளஸ் ஒன்னுக்கு வேற ஆள் பாத்துக்கலாம். ஒன்னாங்கிளாஸை இந்த வருஷம் நீங்க எடுங்க. நாளைக்கு ஒரு நாள் இருந்து பாத்துட்டு சாயங்காலம் பதில் சொல்லுங்க" என்றார். வேதியியல் படித்தவளுக்கு ஒன்றாம் வகுப்பு. அதுவும் உன்னுடையது. வந்தது கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை.

பி.எட். பயிற்சிக்கு நாம் இருவரும் இதே பள்ளிக்கு வந்தபோதும் இதுதான் நடந்தது. பிளஸ் ஒன்னுக்கென்று பாடக்குறிப்பு எழுதி வந்திருந்தேன். ஒன்றாம் வகுப்பு மிஸ் பிரசவ விடுப்பில் இருந்ததால் என்னை அங்கே தள்ளினார்கள். வருகைப் பதிவேட்டைப் பார்த்துக் கம்பீரமாகப் பெயர் படித்தேன். ஒரு பெயருக்கு மூன்று பேர் "பிரசன்ட் மிஸ்" என்றார்கள். இன்னொன்றுக்கு ஒருவருமில்லை. பதில் வராத பெயருக்கு ஆப்சென்ட் போட்டேன். ஜெசிந்தா மேரிக்குத் தொடர்ந்து மூன்று நாள்.

அலுவலகத்திலிருந்து வீட்டுக்குப் போன் போயிற்று. காசிமேட்டில் இறால் உரித்துக்கொண்டிருந்த அவள் அம்மா, கையைக்கூடக் கழுவாமல் ஓடி வந்தார். "நான்தானே காலைல ஸ்கூல் கேட்டாண்ட வுட்டுட்டுப் போறேன், எம்புள்ள எங்க போச்சு" என்று கேட்டபடி வந்தவர் வகுப்பு வாசலில் அப்படியே நின்றார். ஜெசிந்தா முதல் பெஞ்சில், என் மேசைக்கு நேர் எதிரே இருந்தாள். வீட்டில் அவள் குட்டிமா. பதிவேட்டில் இருப்பது தன் பெயர்தான் என்று யாரும் அவளுக்குச் சொல்லியிருக்கவில்லை.

"இன்னா மிஸ், கண்ணுக்கு முன்னால குந்திகினு கீற புள்ளைய காணோம்னு சொல்றீங்களே" என்றார் அந்த அம்மா. குரலை உயர்த்தவில்லை. அதுதான் சுட்டது.

மாலையில் மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். படிப்பையே விட்டுவிடுகிறேன் என்றேன். பக்கத்து ஆறாம் வகுப்பில் பயிற்சியிலிருந்த நீ, சமோசாவைக் கடித்துக்கொண்டே கேட்டாய்: "நீ அதுங்க மூஞ்சிய பாத்தியா, நோட்டைப் பாத்தியா?"

நோட்டைத்தான் பார்த்திருந்தேன்.

"அப்பால இன்னாத்துக்கு அழுவுற? நாளைக்கு நான் வர்றேன்."

மறுநாள் வந்தாய். பதிவேட்டைத் திறக்கவேயில்லை. எல்லாரையும் நிற்கவைத்து ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாய். "உன்ன வூட்ல இன்னான்னு கூப்புடுவாங்க?" என்று கேட்டுக் கேட்டு எனக்கு எழுதித் தந்தாய். கடைசியில் உன் தலையையே தொட்டு இன்னொன்று கூட்டிக்கொண்டாய். எதற்கு என்றேன். "நானும் வந்துகீறேன்ல" என்றாய்.

இருவருக்கும் இங்கேயே வேலை கிடைத்தபோது நீ ஒன்றாம் வகுப்பைக் கேட்டு வாங்கினாய். நான் தப்பித்தேன் பிழைத்தேன் என்று பிளஸ் ஒன்னுக்கு ஓடினேன். அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை, காய்ச்சல் என்று வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. இன்னும் எனக்குப் புரியவில்லையடி. காய்ச்சலுக்கா ஒருத்தி செத்துப்போவாள்?

என்னால் முடியாது என்ற பதிலோடுதான் இன்று காலை உன் வகுப்புக்குள் போனேன். நுழைந்ததும் எழுந்து நின்றார்கள். பதிவேட்டை ஓரமாக வைத்துவிட்டுத் தலைகளைத் தொட்டு எண்ணினேன். முப்பது. உட்காருங்கள் என்றேன். ஒருத்தரும் உட்காரவில்லை.

முன்வரிசைப் பொடிசு சொன்னது: "இன்னும் ஒண்ணு கீது மிஸ்."

முதலில் விளங்கவில்லை. நீ தினமும் கடைசியில் உன் தலையையும் தொட்டு எண்ணியிருக்கிறாய் என்று விளங்கியபோது கை மேலே எழவில்லை. அவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள். ஒரு வழியாகக் கையை என் தலையில் வைத்து "முப்பத்தி ஒண்ணு" என்றேன். முப்பது பேரும் உட்கார்ந்தார்கள்.

அந்த ஒன்று நீயா நானா என்று நாள் முழுக்க யோசித்தேன். தெரியவில்லை. சாயங்காலம் தலைமையாசிரியை கேட்டபோது "எடுத்துக்கறேன்" என்றது என் வாய்தான்.

ரயில் வருகிறது. கை கிடக்கட்டும், என் தலையிலும் இப்போது அந்த எண்ணெய் வாசம்தான்.