மூன்றாவது ஸ்கிரீன்

மட்டாஞ்சேரி, வியாழன் இரவு

பேனா பிடிக்கும்போது விரல் வலிக்கிறது. மச்சினன் சேதுவின் பல் பட்ட இடம் வீங்கியிருக்கிறது.

ஷேர் வியாபாரத்துக்கு மூன்று ஸ்கிரீன் ஓடினால் போதும், கிராஃபிக்ஸ் கார்டெல்லாம் கேம் ஆடுகிறவனுக்கு என்று அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன். கேட்கவில்லை. சிவப்பு விளக்கு மினுக்கும் கேமிங் லேப்டாப்பை வாங்கி வந்தான். காலையில் மார்க்கெட் திறக்கும் நேரம், வயர்களை நானே சொருகினேன். இரண்டு ஸ்கிரீன் எரிந்தது. ஆர்டர் போடும் மூன்றாவது மட்டும் இருட்டு.

"கார்டு இருந்தாத்தான் மூணும் ஓடும்னு கடைச் சேட்டன் சொன்னாரு அத்தான். பொறுங்க, நோக்கறேன்" என்று குனிந்தான்.

நான் பொறுக்கவில்லை. சட்டையைப் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினேன். வாயிலேயே குத்தினேன். அவன் திருப்பி அடிக்கவில்லை, அதுவே எனக்கு வெறியைக் கிளப்பியது. விழுந்தவனை மிதித்தேன். தடுக்க வந்த கோமதியின் உதடு என் முழங்கை பட்டுக் கிழிந்தது. கட்டின மனைவி என்றுகூடப் பார்க்கவில்லை. கீழே மிளகு குடோனில் மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்கள் ஓடிவந்துதான் என்னைப் பிடித்து இழுத்தார்கள்.

சேது ரத்தத்தைத் துப்பிவிட்டுப் படியிறங்கிப் போனான். கூப்பிட்டால் ஃபோன் எடுக்கவில்லை.

சாயங்காலம் தரை துடைக்க வந்த கோமதி, லேப்டாப்பின் முதுகுப்பக்கம் கார்டுக்கென்று இன்னொரு ஓட்டை இருப்பதைப் பார்த்தாள். பக்கவாட்டில் நான் சொருகியிருந்த வயரைப் பிடுங்கி அதில் சொருகினாள். மூன்றாவது ஸ்கிரீன் பளிச்சென்று எரிந்தது.

"இதை நோக்கத்தான் அவன் குனிஞ்சான்" என்றாள்.

மூன்றும் இன்னும் எரிகிறது. அணைக்கப் போனால் அவள் படுத்திருக்கும் இடத்தைத் தாண்டித்தான் போக வேண்டும்.