குறிப்பு வரிசையில் நீ

இன்று காலையும் பையை மேசைமேல் வைத்ததும் முதல் வேலையாக அந்த எக்செல் ஷீட்டைத் திறந்தேன். வலது ஓரத்தில் 'குறிப்பு' என்று ஒரு வரிசை. அதில் நீ இருக்கிறாய். கண் கலங்கியதற்கு ஏசி காற்றின் மேல் பழியைப் போட்டுவைத்தேன்.

அப்போது நம் பீன்யா தொழிற்பேட்டைக் கம்பெனியில் நீ கீழே, ஸ்பிரிங் சோதிக்கும் மெஷினில். நான் மாடியில், தர அறிக்கை போடும் மேசையில். ஒவ்வொரு பெட்டி ஸ்பிரிங்குக்கும் மெஷின் ஒரு டெக்ஸ்ட் ஃபைல் எழுதும். மத்தியானம் அவற்றைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, சேஃப்டி ஷூ தடதடக்க நீ படியேறி வருவாய். நீ எண்களை வாசிக்க நான் எக்செல்லில் அடிப்பேன். இரண்டு எண்ணுக்கு நடுவே ஆஸ்டின் டவுன் முழுக்க வந்துபோகும்: உங்கள் தெருக் குழாய்ச் சண்டை, உன் தம்பிக்குப் பார்த்த பெண். வேலை என்னவோ நகராது.

நான்தான் கெடுத்தேன். திருப்பத்தூரிலிருந்து வந்து, பேர் வாங்கத் துடித்துக்கொண்டிருந்த காலம். பைத்தானில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மாலை ஆறு மணிக்குத் தானே ஓடும். எல்லா ஃபைலையும் மெஷினிலிருந்தே வாசித்து ஷீட்டை முதலிலிருந்து புதிதாக எழுதும். ஒவ்வொரு ஃபைலின் கடைசியிலும் மெஷினில் இருப்பவர் ஏதாவது அடிக்க ஒரு குறிப்பு வரி உண்டு. எண் இல்லாத வரி எதற்கு என்று அதை விட்டுவிட ஸ்கிரிப்டுக்குச் சொல்லியிருந்தேன். மேனேஜர் மீட்டிங்கில் பாராட்டினார். நீ மட்டும், "ஆய்த்து, முடிஞ்சுது! இனிமே எனக்கு மேல வர வேலையே இல்லாம பண்ணிட்டியேடி" என்று சிரித்தாய்.

போனை கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பஸ்ஸும் நமக்கு வேறு வேறு. ஒருநாள் மாலை கேட் அருகே நின்று, "இன்னிக்கு நான் அடிச்சத பாத்தியா?" என்றாய். எண்களைத்தான் கேட்கிறாய் என்று நினைத்தேன். "எல்லாம் வந்து சேந்துச்சுடி, கவலைய விடு" என்றேன். என்ன மண்டைக்கனம் எனக்கு! நீ தலையாட்டிவிட்டுப் போனாய். மறுநாள் நீ லீவு. இரண்டு மாதத்தில் வேலையிலிருந்தே ஒரேயடியாக நின்றுவிட்டாய். ஆஸ்டின் டவுன் வீட்டுக்கு நான் முதல்முறை வந்தபோது நீ ஐஸ் பெட்டிக்குள் இருந்தாய்.

போன மாதம் புது மேனேஜர் குறிப்புகளும் வேண்டும் என்றார். ஸ்கிரிப்டில் குறிப்பை விட்டுவிடச் சொன்ன அந்த ஒரு வரியை நீக்கி, பழைய ஃபைல்களையும் சேர்த்து ஓட்டினேன். இங்கிலீஷ் எழுத்தில் அடித்த உன் தமிழ், நாளுக்கு ஒன்றாக வந்து விழுந்தது. "ஸ்பிரிங் ஓகே. ஊட்டா ஆய்த்தா? சாப்ட்டியா?" "கீழ ஒரே போர். ஒருவாட்டி எறங்கி வாயேன்டி." அப்புறம், நீ லீவு போட்டதற்கு முந்தின நாள்: "நாளைக்கு ஸ்கேன். தனியா போக பயமா கீது. கூட வர்றியா? நேர்ல கேட்டா அழுதுடுவேன்."

அதற்கு அடுத்த ஃபைலில்: "போய்ட்டு வந்தேன். நீ பிஸி. பரவால்ல."

அந்தப் பரவால்லையைத்தான் தாங்க முடியவில்லை. நாலு வார்த்தை திட்டியிருக்கலாமே நீ.

உன் கேள்விக்குப் பக்கத்துக் கட்டம் காலியாக இருந்தது. "வர்றேன்டி" என்று அடித்தேன். ஆறு மணிக்கு ஸ்கிரிப்ட் ஓடி ஷீட்டைப் புதிதாக எழுதிவிட்டது. மறுநாள் காலை உன் கேள்வி மட்டும் இருந்தது.

அந்தக் கட்டம் அழியாதபடி மாற்ற எனக்கு ஐந்து நிமிடம் போதும். மாற்றவில்லை. தினமும் நீ கேட்கிறாய். தினமும் காலையில் வந்ததும், பையை வைத்துவிட்டு, "வர்றேன்டி" என்று அடிக்கிறேன்.