எந்த வயதில் ஆரம்பித்தது

12.7.2004, திங்கள்

காலையிலிருந்து புழுதிக் காற்று. லேப் ஜன்னலை மூடியும் மேஜையெல்லாம் மண். இரண்டு தடவை துடைத்தாயிற்று.

பையன்களுக்கு பியூரெட்டில் அமிலம் நிரப்பிக் கொடுத்தேன். ஒரு சொட்டு சிந்தவில்லை. பசுமலைக் கல்லூரியில் இருபத்திரண்டு வருடமாக இதே வேலை. சிந்தாததற்குச் சந்தோஷப்படுவது மட்டும் ஏழு வருடமாக. அண்ணனுக்கு வந்திருப்பது கை கால் தானாக ஆடும் ஹண்டிங்டன் நோய், அப்பா வழி வந்தது, எனக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து.

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். பெங்களூருக்குப் போன என் ரத்தத்துக்கு ரிசல்ட் வந்துவிட்டதாம். வெள்ளிக்கிழமை வர வேண்டும். "கூட யாரையாச்சும் கூட்டிட்டு வாங்க சார்" என்றது அந்தப் பெண். சரி என்று சொல்லி வைத்தேன். யாரை?

வாங்க வேண்டியது: துணி சோப்பு, ப்ளேடு, அரைக் கிலோ தக்காளி (கால் போதும்).

14.7, புதன்

அண்ணனுக்கு எந்த வயதில் ஆரம்பித்தது என்று டாக்டர் போன தடவை கேட்டார். நாற்பத்திரண்டு என்று அடித்துச் சொன்னேன். அது கயிறு கட்டின வருடக் கணக்கு. அண்ணன் தள்ளாடினார், கையில் இருப்பதைப் போட்டு உடைத்தார். குடிக்கிறார் என்றது எங்கள் ஊர் எழுமலை முழுக்க. நாங்களும் நம்பினோம். குடியை விட வைக்க முனியாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்ப் பூசாரி கையால் கயிறு கட்டினோம். பீடிகூடப் பிடிக்காத மனுஷன். எங்கள் திருப்திக்காக "இனிமே தொட மாட்டேன்" என்று சாமி முன்னால் சத்தியம் செய்தார். இல்லாத குடியை விட்டவர் ஊரிலேயே அவர் ஒருவர்தான். நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சாயங்காலம் பூத்திலிருந்து மதினிக்குப் போன் போட்டேன்.

"கயிறு கட்டுறதுக்கு முன்னாடியே அண்ணனுக்கு ஆட்டம் இருந்துச்சா மதினி?"

"ரெண்டு வருசம் முந்தியே இருந்துச்சு தம்பி. சாப்புடுறப்ப கை வெட்டி வெட்டி இழுக்கும். வெளிய தெரிஞ்சா கேவலம்னு நான்தான் பொத்திப் பொத்தி வச்சிருந்தேன். இப்ப எதுக்குக் கேக்கீக?"

"சும்மாதான்."

ஆக, நாற்பது. நான் இத்தனை வருடம் பயந்து காத்திருந்ததே தப்பான வயதுக்கு.

15.7, வியாழன்

சோறு மிஞ்சியது. ஒரு ஆளுக்கு அளந்து வைக்க இன்னும் வரவில்லை.

நூலகத்தில் வேலை பார்த்த தே. நினைவு. 98-ல் அவளாகவே கேட்டாள், கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று. எனக்கு அப்போது நாற்பத்தொன்று. அடுத்த வருடம் வந்துவிடும் என்று மனதுக்குள் நாள் குறித்து வைத்திருந்தேன். வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. அழாமல் கேட்டுக்கொண்டாள். இப்போது திருச்சியில்.

நாற்பத்திரண்டு வந்தது, போனது. இப்போது நாற்பத்தேழு. பயந்தது வரவில்லை. வேறு யாரும்கூட வரவில்லை. தெரியாமலே இருப்பது அலுத்துப்போய்த்தான் ரத்தம் கொடுத்தேன்.

16.7, வெள்ளி

தனியாகத்தான் போனேன்.

டா. நாக்கை நீட்டச் சொன்னார். பத்து எண்ணும் வரை உள்ளே இழுக்காமல் வைத்திருந்தேன். விரல்களைத் தட்டச் சொன்னார். நேர்கோட்டில் நடக்கச் சொன்னார். "இன்னைக்கு வரைக்கும் ஒண்ணும் ஆரம்பிக்கல" என்றார். பிறகுதான் காகிதத்தை எடுத்தார்.

ஒரு ஜீனில் சி.ஏ.ஜி. என்று மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வருகிறதாம். எல்லோருக்கும் உண்டு. அந்த எண்ணிக்கை நாற்பதைத் தொட்டுவிட்டால் நோய் நிச்சயம். கூடக் கூட சீக்கிரம் வரும். எனக்கு நாற்பத்துநான்கு.

அண்ணனின் பழைய ஃபைலையும் பிரித்துக் காட்டினார். அவருக்கும் நாற்பத்துநான்கு.

"அப்ப எனக்கு ஏழு வருசம் முந்தியே வந்திருக்கணுமே சார்?"

"எண்ணிக்கை மட்டும் எல்லாத்தையும் சொல்லிடாது. வேற ஜீன்களும் முன்ன பின்ன தள்ளுது. எதெதுன்னு இன்னும் தேடிட்டுத்தான் இருக்காங்க. உங்களுக்கு நாளைக்கே வரலாம். பத்து வருசம் கழிச்சும் வரலாம்."

வெளியே வந்து காபி குடித்தேன். யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. கடைக்காரரிடம் சர்க்கரை கம்மி என்று மட்டும் சொன்னேன்.

18.7, ஞாயிறு

உசிலம்பட்டியில் பஸ் மாறி எழுமலை. நிற்கத்தான் இடம். அண்ணனுக்கு மாத்திரை, ஒரு சீப்பு பழம்.

மதினி தண்ணீருக்குப் போயிருந்தார். அண்ணன் கட்டிலில். கை கால் ஓயவில்லை. பேச்சு குழறுகிறது, ஆனால் எல்லாம் விளங்குகிறது. நான் போன் போட்டுக் கேட்டதை மதினி சொல்லியிருக்க வேண்டும்.

"ரத்தம் குடுத்தியாக்கும்?"

"ஆமாண்ணே."

"எம்புட்டு?"

அவருக்குத் தன் எண் தெரியும். குறைத்துச் சொல்லலாம் என்றுதான் பஸ்ஸில் நினைத்து வந்தேன். முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

"ஒங்களுக்கு உள்ளதுதாண்ணே. நாப்பத்திநாலு."

கையை நீட்டச் சொன்னார். இரண்டையும் நீட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்ற. பெறகு எனக்கு மட்டும் ஏன்டா முந்திருச்சு?"

"தெரியலண்ணே" என்றேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.