தகர மூடிக்குள் வெள்ளை பல்பு

மார்ச் 4, செவ்வாய்

தொரை,

பெயிண்ட் கடைக்காரர் வருஷா வருஷம் உனக்குக் கொடுக்கும் டைரி இந்த வருஷமும் வந்தது. பெயிண்டர் போய்விட்டான், டைரி வந்துவிட்டது. ரெண்டு மாசமாக அலமாரியில் சும்மா கிடந்ததை இன்றைக்குத்தான் எடுத்தேன். நீ இதில் எந்த வீட்டுக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவாய். எனக்கு அடிக்கச் சுவர் இல்லை, உன்னைத் திட்டி எழுதப் போகிறேன். ஐந்தாம் வகுப்புப் படிப்புக்கு அது போதும்.

இருந்தவரைக்கும் 'நீங்க' என்றேன். இனிமேல் 'நீ'தான். மரியாதை குறைந்துவிட்டது என்று தோன்றினால் வந்து சண்டை போடு.

மார்ச் 5, புதன்

ஒன்றும் நடக்கவில்லை. குழாயில் தண்ணீர் வந்தது.

மார்ச் 9, ஞாயிறு

மகனும் மருமகளும் வந்தார்கள். கையில் ஒரு பெட்டி. பெட்டி மேல் ஒரு அம்மா, ஒரு அப்பா, ரெண்டு பிள்ளைகள், எல்லாரும் கூரையைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பல்பு மாட்டினால் அவ்வளவு சிரிப்பு வருமாம். கல்யாணத்துக்கு முன்னாலேயே தெரிந்திருந்தால் உனக்கு ஒன்று வாங்கிக் கொடுத்திருப்பேன்.

"எல்லாக் குண்டு பல்பையும் கழட்டிடலாம்மா. இது எல்ஈடி, ஒன்பது வாட்ஸ்தான். வெளிச்சம் அதே அளவு. பதினஞ்சு வருஷம் வரும்."

"எனக்கு அவ்வளவு வருஷம் யாருடா எழுதிக் கொடுத்தா?"

மருமகள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. நல்ல பிள்ளை.

பதினைந்து வருஷத்துக்குள் எரியாமல் போனால் அட்டையைக் காட்டிப் புதுசு வாங்கிக்கொள்ளலாமாம். உன்னையும் அப்படி ஒரு அட்டையோடு தந்திருக்கலாம். ஆஸ்பத்திரியில் காட்டியிருப்பேன்.

சமையலறை, கூடம், குளியலறை எல்லாம் மாற்றினான். தையல் மிஷின் இருக்கும் உள் அறைக்கு வந்தான். ஜன்னல் இல்லாத அறை, பகலிலேயே விளக்குப் போட வேண்டும். பெயிண்ட் டப்பாவின் தகர மூடியில் ஓட்டை போட்டு, தொப்பி மாதிரிக் கவிழ்த்து, மிஷினுக்கு மேலே நீ தொங்கவிட்ட பல்பு. அதன் மேல் கை வைத்தான்.

"அத மட்டும் தொடாதே."

"அம்மா, அதுதான் அறுபது வாட்ஸ். இருக்கறதுலயே அதிகமா கரண்ட் குடிக்கிறது அதுதான்."

"உங்கப்பாவும்தான் குடிச்சாரு. கழட்டியா எறிஞ்சேன்?"

கையை எடுத்துக்கொண்டான். மிச்சம் இருந்த ஒரு பல்பை மிஷின் இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனான். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின வாரம் நீ மாட்டியது அந்த அறுபது வாட்ஸ். இந்த வீட்டில் நீ கடைசியாகச் செய்த வேலை. அதை எந்தப் பெட்டியில் போட்டுக் கொடுப்பார்கள்?

மார்ச் 10, திங்கள்

அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவர் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கு. முப்பத்தொரு வருஷமாகச் சுத்தமான பொம்பளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பது வாட்ஸ் மானத்தை வாங்கிவிட்டது.

மார்ச் 13, வியாழன்

ஓட்டல் சூப்பர்வைசர் வந்தார். பரிமாறுகிற பையன்களுக்குப் புதுச் சீருடை. பன்னிரண்டு கறுப்பு பேன்ட், கால் நீளம் குறைத்து மடித்துத் தைக்க வேண்டும். நீ போன பிறகு மிஷினுக்கு முதல் வேலை. பெடலில் தூசி.

நூல் டப்பாவைத் திறந்தால் பாதிக் கண்டுகளில் வெள்ளை பெயிண்ட். ஞாபகம் இருக்கிறதா? ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிற அன்று காலையில் பையைக் கட்டாமல் நூல் டப்பாவையும் பெயிண்ட்டையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். "ஆஸ்பத்திரிக்குப் போற லட்சணமா இது? டப்பா பூரா சிந்தி வச்சிருக்கீங்களே!" என்று கத்தினேன். நீ சிரித்தாய். "ரெண்டு நாள்ல வந்துடுவேன், மிச்சத்த அப்ப திட்டு" என்றாய்.

மிச்சம் அப்படியே இருக்கிறது.

பெயிண்ட் பட்ட கண்டு எதையும் தொடவில்லை. துணியில் ஒட்டினால் யார் பதில் சொல்வது? சுத்தமான கண்டாகப் பார்த்து எடுத்தேன். நீ இருந்தால் நூலை நீதான் எடுத்துக் கொடுப்பாய். அதுவும் நேராகக் கொடுக்க மாட்டாய். கண்டைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் வரை ஒரு நடை போய்விட்டு வருவாய். நாலடியில் இருக்கும் நூலுக்கு ஒரு ஊர்வலம். பீடிக்குத்தான் என்று எனக்குத் தெரியாதா?

மார்ச் 15, சனி

பன்னிரண்டும் முடிந்தது. கொண்டு போய்க் கொடுத்தேன். கை ஒன்றும் மறக்கவில்லை. நீ இல்லாமலும் நூல் கோர்க்க முடிகிறது, பார்த்துக்கொள்.

மார்ச் 17, திங்கள்

பன்னிரண்டும் திரும்பி வந்துவிட்டன.

"அக்கா, பசங்க வெயில்ல நின்னா எல்லார் கால்லயும் நீலக் கோடு தெரியுது. கறுப்புத் துணிக்குக் கருநீல நூல் போட்டிருக்கீங்க."

"உங்க கண்ணுல ஏதோ கோளாறு, தம்பி."

"எனக்கு மட்டுமா? பன்னெண்டு பேருக்குமா கோளாறு?"

ஒன்றை வாங்கி வாசலுக்குக் கொண்டு போனேன். நீலம். உள்ளே கொண்டுவந்து உன் மஞ்சள் விளக்குக்குக் கீழே வைத்தேன். கறுப்பு. மறுபடி வாசல். நீலம். அவர் பாவம், நான் போய்ப் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"பத்து வருஷத்துல ஒரு தடவ மாறினதில்லக்கா. அதான் நானே வந்தேன். நாளன்னைக்குள்ள பிரிச்சுத் தைச்சுக் குடுத்துடுங்க. இல்லேன்னா வேற ஆளப் பாக்கச் சொல்லிட்டாரு மேனேஜர்."

இந்த ஓட்டல் வேலை போனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மகன் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள். அதுதான் பயமாக இருக்கிறது.

மார்ச் 18, செவ்வாய்

காலையில் எல்லாத் தையலையும் பிரித்தேன். பிறகு ஸ்டூல் போட்டு ஏறினேன். நானேதான் ஏறினேன், யாரும் பிடிக்கவில்லை. உன் பழைய சட்டைத் துணியைச் சுற்றி உன் பல்பைக் கழற்றினேன். சூடாக இருந்தது. அது ஆறும் வரை கையிலேயே வைத்துக்கொண்டு ஸ்டூல் மேல் நின்றேன். கேட்க யார் இருக்கிறார்கள்?

இழுப்பறையில் இருந்ததை மாட்டினேன். தகர மூடிக்குள் வெள்ளையாக எரிந்தது, ஆஸ்பத்திரி மாதிரி.

நூல் டப்பாவைக் கவிழ்த்தேன். பதினைந்து கண்டு. முதல் தடவையாக நீலம் நீலமாகவும் கறுப்பு கறுப்பாகவும் தெரிந்தது. எட்டு நீலம், ஏழு கறுப்பு.

ஏழு கறுப்பின் தலையிலும் வெள்ளைப் புள்ளி. ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று, நடுவில், மிளகு அளவில். நீலத்தில் ஒன்றில்கூட இல்லை.

சிந்தின பெயிண்ட் இப்படியா எண்ணி எண்ணிச் சிந்தும்?

அடப்பாவி. அப்ப வாசலுக்குப் போனது பீடிக்கு இல்லியா? வெளிச்சத்துல வச்சுப் பாக்கவா? எனக்குக் கண்ணு தெரியலன்னு எத்தன வருஷமா தெரியும் உனக்கு? நான் என்னடான்னா நீ வச்ச புள்ளியப் பாத்துப் பாத்து ஒதுக்கிட்டு, சரியா தப்பையே எடுத்துத் தைச்சிருக்கேன். பன்னெண்டும். ஒண்ணுகூட தப்பித் தவறி சரியா வரல. அப்படி ஒரு கெட்டிக்காரி.

வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன?

மார்ச் 19, புதன்

கொண்டு போய்க் கொடுத்தேன். சூப்பர்வைசர் ஒவ்வொன்றாக வெயிலில் பிடித்துப் பார்த்தார். "இப்ப பழைய கை வந்துடுச்சுக்கா" என்றார். யார் கை என்று நான் சொல்லவில்லை.

அடுத்த வாரம் சட்டைகள் தருவாராம்.

மார்ச் 23, ஞாயிறு

மகன் வந்ததும் உள் அறையை எட்டிப் பார்த்தான். தகர மூடிக்குள் வெள்ளை வெளிச்சம்.

"மாத்திட்டியாம்மா! நான் சொன்னப்ப அவ்வளவு சண்டை போட்ட?"

"கரண்ட் மிச்சமாகும்னு யாரோ படிச்சவங்க சொன்னாங்க" என்றேன்.

முறைத்தான். மருமகள் மட்டும் நூல் டப்பாவைப் பார்த்தாள். நடுவில் உன் அறுபது வாட்ஸ் படுத்திருக்கிறது. சுற்றிலும் கண்டுகள். டப்பாவை மெதுவாக மூடி வைத்தாள்.

கடையில் புதுசாக ஒரு கறுப்புக் கண்டு வாங்கியிருந்தேன். உன் வெள்ளை பெயிண்ட் டப்பாவில் அடியில் கொஞ்சம் காயாமல் இருந்தது. குச்சியில் தொட்டு நானும் ஒரு புள்ளி வைத்தேன். வழிந்துவிட்டது. உன் புள்ளி எவ்வளவு வட்டம்! கை நடுங்காமல் வைத்திருக்கிறாய்.

எனக்கு ஒரு கண்டு மூன்று மாசத்துக்கு மேல் வரும். ஏழு கண்டு என்றால் ரெண்டு வருஷம் ஓடும். விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், மறுபடியும் எண்ணினேன்.

ரெண்டு நாள்ல வந்துடுவேன்னு சொல்லிட்டுப் போன ஆளு, ரெண்டு வருஷ நூலுக்கு எதுக்கு தொரை புள்ளி வச்சுட்டுப் போன?